ஊரைக் கேளாத உரிமம்

(நாகர்கோவிலில் தமிழன்பர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



மார்த்தாண்டத்தை அடுத்துள்ள உண்ணாமலைக்கடையை நீங்கள் அறிவீர்கள். 2015-ஆம் ஆண்டு சூலை 31-ஆம் நாள், அவ்வூர் மதுக்கடையை அகற்ற வேண்டுமென்று செல்பேசிக் கோபுரத்தில் ஏறி நின்ற தொண்டர் ஒருவர் உயிரோடு மீளவில்லை. சேலம் மாவட்டத்திலிருந்து வந்த காந்தியவழியினர் சசிப்பெருமாளே அவர். அவர் சென்ற வழியைப் போற்ற நான் வரவில்லை. அவ்வழியில் இன்னோர் உயிர் போதல் கூடாது. ஆனால், ஓர் ஊர் தன் தெருவிலுள்ள ஒரு கடையை அகற்றுவதற்கு ஒருவர் ஏன் கோபுரத்தில் ஏற வேண்டியிருந்தது? இதுவே என் வினா.

விடை சட்டத்தில் இருக்கிறது. 2003-ஆம் ஆண்டில் மதுவின் சில்லறை விற்பனை முழுவதையும் அரசின் வாணிகக் கழகம் தன் கையில் எடுத்துக்கொண்டது. அவ்வாண்டின் விதிகள் கோயிலுக்கும் கல்விக்கூடத்துக்கும் அருகில் கடை கூடாது என்கின்றன. எவ்வளவு அருகில்? மாநகராட்சி, நகராட்சி எல்லைக்குள் 50 மீட்டர். ஏனைய இடங்களில் 100 மீட்டர். ஓர் ஊராட்சியை நகராட்சியோடு இணைத்துவிட்டால், பள்ளி நகராது, கடையும் நகராது. காப்பு மட்டும் பாதியாகக் குறைந்துவிடும். நகரத்துப் பிள்ளைக்கு ஓரளவு, நாட்டுப்புறத்துப் பிள்ளைக்கு வேறளவா?

பின்னர் உச்ச வழக்குமன்றம் 2016 திசம்பர் 15-இல், நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்றது. அடுத்த மார்ச்சுத் திங்களில், 20,000-க்கு மேற்படாத மக்கள்தொகை கொண்ட உள்ளாட்சிகளில் அது 220 மீட்டராயிற்று. சூலையில், நகராட்சி எல்லைக்குள் அத்தடை இல்லை என்னும் விளக்கம் வந்தது. அளவுகோல் நீண்டது, பின் சுருங்கியது. சாலையோரம் மூடிய கடைகள் ஊருக்குள் நுழைய முயன்றபோது பெண்டிரே மறித்து நின்றனர். திருப்பூர் மாவட்டச் சாமளாபுரத்தில், 2017 ஏப்பிரலில், மறியல் செய்த பெண் ஒருவரைக் காவல் அலுவலர் கன்னத்தில் அறைந்ததை நாடே கண்டது.

இத்தனை மீட்டர்க் கணக்கிலும் இடம்பெறாத ஒன்று உண்டு. அது ஊரின் சொல். ஊர் முறையிடலாம், முடிவு ஊருடையதன்று.

இதனை நம் திருவிழாக்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கொடைவிழாவில் ஓர் இரவு ஆடல்பாடல் நடத்த வேண்டுமானால் காவல்துறையின் இசைவு வேண்டும். கொச்சை ஆட்டம் கூடாது, சாதிப் பாட்டுக் கூடாது, இரவு 10 மணிக்குள் முடிக்க வேண்டும் என்று வழக்குமன்றமும் கட்டளையிடுகிறது. நல்லது, நாம் மறுக்கவில்லை. ஓர் இரவுக் கூத்துக்கு இத்தனைக் கட்டு! ஆண்டு முழுவதும் திறந்திருக்கும் மதுக்கடைக்கும் அதனையொட்டிய குடிப்பகத்துக்கும் ஊரின் ஒப்புதல் வேண்டா! இது என்ன முறை?

2023-இல் திருமணக் கூடங்களிலும் சிறப்பு உரிமம் பெற்று மது வழங்கலாம் என்று விதி திருத்தப்பட்டது. மக்கள் சினந்தெழுந்தவுடன், ஏப்பிரலில் திருமணக் கூடத்தை மட்டும் அரசு நீக்கிக்கொண்டது. மக்கள் பேசினால் விதி மாறும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமா?

கடையை மூடினால் கள்ளச்சாராயம் வரும் என்பர். கடைகள் திறந்திருந்தபோதே, 2024 சூனில், கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். வருவாய் போய்விடும் என்பர். 2023–24-இல் மதுவால் அரசுக்கு வந்தது 45,000 கோடி உருபாவுக்கு மேல். அத்தொகை எந்தெந்த வீட்டு அடுப்பை அணைத்து வந்தது என்று கணக்கெழுதியவர் எவர்?

நம் முன்னோர் கள்ளே அறியாதவர் என்று நான் பொய்யுரைக்க மாட்டேன். கழகப் பாடல்களில் கள்ளும் தேறலும் உண்டு. அதனை அறிந்த மண்ணில்தான் திருவள்ளுவர் கள்ளுண்ணாமைக்கென்று ஓர் அதிகாரமே வகுத்தார். ஆகவே நான் கேட்பது நாடெங்கும் ஒரே நாளில் பூட்டு அன்று. ஊருக்கு ஒரு சொல்.

அண்டையிலுள்ள கேரளத்தில் மதுக்கடைக்கு உள்ளாட்சியின் ஒப்புதல் வேண்டும் என்னும் சட்டம் இருந்தது. 2017-இல் அதனை நீக்கிவிட்டனர். மராட்டிய மாநிலத்திலோ, ஊர்ப் பெண்கள் கோரினால் கடையைப் பற்றி ஒப்போலை எடுக்கப்படுகிறது. சீட்டில் நிற்கும் குப்பி ஒன்று, படுத்த குப்பி ஒன்று. படுத்த குப்பிக்குப் பாதிக்கு மேற்பட்டோர் முத்திரையிட்டால் கடைக்குப் பூட்டு! அங்கே முடிவதொன்று இங்கே ஏன் முடியாது?

ஊர் கூடி முடிவெடுப்பது நாஞ்சில் நாட்டுக்குப் புதிதன்று. 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே, முறையற்ற வரிகளைக் கொடோம் என்று இங்கே நாட்டார் கூடி உறுதி செய்தனர். 1954 ஆகத்து 11-இல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் தாய்த் தமிழகத்தோடு இணையக் கேட்டுக் குண்டடிபட்டு வீழ்ந்தனர் நம் மக்கள். 1956 நவம்பர் 1-இல் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் தமிழகம் சேர்ந்தன.

அதே நவம்பர் 1 இன்று உள்ளாட்சி நாள். அன்று ஊராட்சிகளில் ஊரவை கூடும். பேரூர்களிலும் நகரங்களிலும் பகுதியவை உண்டு. அவை கூடும் நாளில் குமரியின் ஒவ்வோர் அவையிலும் நீங்கள் எழுந்து நில்லுங்கள். “மதுக்கடைக்கும் குடிப்பகத்துக்கும் ஊரின் ஒப்புதல் இன்றி உரிமம் கூடாது, விதியைத் திருத்துக” என்னும் ஒரு வரியை எழுதுவியுங்கள். எழுதியதைப் படித்துப் பார்த்துக் கையெழுத்திடுங்கள். தாய்மார்கள் முன்னிற்க வேண்டும். குடியின் கணக்கை அவர்களே நன்கறிவர்.

கோபுரத்தில் ஏற வேண்டா. அவையில் எழுந்தால் போதும்.

வெல்க ஊர்! வாழ்க தமிழ்!