எட்டாவது செமஸ்டரும் கண்ணகி நகர் முகவரியும்

(மாணவர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கிராமத்தை விட்டு வெளியேறு என்று நாம ரொம்ப காலமாச் சொல்லிக்கிட்டு வர்றோம். 1948 நவம்பர் 4ஆம் தேதி அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் இந்தியக் கிராமத்தைப் பற்றிச் சொன்னதை இங்க உட்கார்ந்திருக்கிற யாருக்கும் நான் விளக்க வேண்டியதில்லை. எங்க ஊர்ல பிணம் கொண்டு போற பாதைக்கு இன்னைக்கும் தகராறுதான். ஆகவே நகரத்தைத் திட்டி கிராமத்தைத் தூக்கிப் பிடிக்கிற வேலையை நான் செய்யப் போறதில்ல, அதைச் செய்ய சாதி இந்து எழுத்தாளர்கள் நிறையப் பேர் இருக்காங்க. நகரத்துக்குப் போற நம்ம பிள்ளைகள் யார் செலவில் போறாங்க, யார் வீட்டில் படுக்கிறாங்க என்பதைத்தான் பேசணும்.

நான் கள்ளக்குறிச்சிப் பக்கம் பொறியியல் படிச்சவள். எட்டாவது செமஸ்டர்ல வகுப்பு கிடையாது, புராஜெக்ட் மட்டும்தான். 'சென்னையில ஒரு கம்பெனியில போய்ப் பண்ணுங்க, அப்பதான் வேலை கிடைக்கும்' என்று சொல்லிட்டாங்க. பழைய மகாபலிபுரம் சாலையில ஒரு கம்பெனி எடுத்துக்கிட்டது. ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரைக்கும். சம்பளம் கிடையாது, கடைசியில ஒரு சான்றிதழ்.

என்கூடப் படிச்சவங்க சிலருக்குச் சென்னையில மாமா வீடு இருக்கு, பெரியப்பா வீடு இருக்கு. அவங்களுக்கு இது பயிற்சி. நமக்கு முதல்ல இது வாடகை. பெண்கள் விடுதியில நாலு பேர் அறையில ஒரு கட்டில், சாப்பாட்டோட மாசம் 6,500 கேட்டாங்க. போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையில, 2020-21இல் மாற்றின விதிப்படி, தொழிற்கல்வி படிக்கிற எஸ்.சி. மாணவருக்கு விடுதியில தங்கினா வருசத்துக்கு 13,500 ரூபாய், வீட்டிலிருந்து வந்து போனா 7,000. வருசத்துக்குங்க! வீட்டிலிருந்து போய் வந்த பிள்ளை சென்னைக்கு வந்தா, வருசத் தொகை மொத்தமும் ஒரு மாசக் கட்டிலுக்குச் சரியாப் போயிடும். நான் அரசு விடுதியில இருந்தவள். சோறும் இடமும் அந்த ஊர்ல இருந்தது. சென்னையில ஒரு அரசு விடுதியில போய்க் கேட்டேன். 'உங்க காலேஜ் இந்த ஊர்ல இல்லியேம்மா' என்றார் காப்பாளர். அவரைக் குத்தம் சொல்ல முடியாது. பாடத்திட்டத்தில இருக்கிற ஒரு செமஸ்டர் விடுதிக் கணக்குல இல்ல, அவ்வளவுதான்.

அறை தேடினோம். 'சைவம் மட்டும்' என்று எழுதியிருந்தா படியேறவே வேண்டாம், அது எளிது. எழுதாத வீடுதான் சிக்கல். ஒரு வீட்டம்மா மோர் கொடுத்து உட்கார வச்சுக் கேட்டாங்க: 'கள்ளக்குறிச்சியில எந்த ஊரு? ஊருக்குள்ளயா, வெளியவா?' வெளியதான் என்று சொன்னேன். 'அவர்கிட்டக் கேட்டுச் சொல்றேம்மா' என்றாங்க. அவர் இன்னும் சொல்லல. கொலம்பியாவிலும் லண்டனிலும் படிச்சுட்டு 1917இல் பரோடாவுக்கு வேலைக்குப் போன அம்பேத்கருக்கு, அந்த நகரத்துல தங்க இடம் கிடைக்கல. பார்சி விடுதியில பார்சி பேர்ல தங்கி, தடியோட வந்தவங்களால வெளியேற்றப்பட்டார். இப்ப தடி கிடையாது, மோர் கொடுக்கிறாங்க.

கடைசியில கண்ணகி நகர்ல எங்க சின்னம்மா வீடு. கூவம் கரையில குடியிருந்தவங்களை 'மறுகுடியமர்வு' என்ற பேர்ல ஊருக்கு வெளியே கொண்டுபோய்க் கொட்டின இடங்கள்ல அதுவும் ஒன்னு. 2000இல் ஆரம்பிச்சது, 15,000க்கு மேல வீடுகள். ஒரே அறையில சின்னம்மா, சித்தப்பா, ரெண்டு பிள்ளைங்க, அஞ்சாவதா நான். குடிசை மாற்று வாரியத்துக்கு 2021இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பேர் மாத்திட்டாங்க. தண்ணி லாரிக்கு வரிசையில நிக்கும்போது அந்தப் பேரைச் சொல்லிச் சின்னம்மா சிரிக்கும்.

கம்பெனியில படிவம் கொடுத்தாங்க. உள்ளூர் முகவரியில பிளாக் நம்பரோட கண்ணகி நகர் என்று எழுதினேன். அந்தப் பொண்ணு படிச்சுட்டு, மெதுவாத்தான், 'வேற அட்ரஸ் எதுவும் இல்லியா?' என்றாள். சாதியைக் கேட்கவே இல்ல. கேட்கத் தேவையும் இல்ல. அந்த நகர்ப் பையன்கள் இந்தச் சாலையிலேயே வேலைக்குப் போனா முகவரியைப் பார்த்ததும் திருப்பி அனுப்புறாங்க என்று சித்தப்பா முன்னாடியே சொல்லியிருந்தார். கிராமத்துல சேரி என்று தெருவுக்குப் பேர், இங்க பின்கோடு.

ஆனா அதே கட்டடத்தோட கழிப்பறையைக் கழுவ கண்ணகி நகர் வேணும். காலையில வர்ற பஸ்ஸு முழுக்க நீலச் சட்டை போட்ட ஹவுஸ்கீப்பிங் பெண்கள். 2021க்குப் பிறகு சாதாரணப் பஸ்ஸுல பெண்களுக்குக் கட்டணம் கிடையாது, இல்லாட்டி அதுவும் சம்பளத்துலதான் போயிருக்கும். எங்க மாடியைப் பெருக்குற அக்கா எங்க பிளாக்குக்குப் பின்பக்கம்தான். பஸ்ஸுல ஒன்னா வருவோம், இறங்கினதும் அது பின்வாசல், நான் முன்வாசல். மதியம் அக்காங்க மாடிப்படிக்குக் கீழ சாப்பிடுவாங்க. நானும் அங்க போய் உட்கார ஆரம்பிச்சேன். மூணாம் நாள் டீம் லீடர் கூப்பிட்டு, 'உனக்கு கேன்டீன் இருக்கே' என்றார். 'அவங்களுக்கு ஏன் இல்ல சார்?' என்றேன். அது வேற ஏஜென்சியாம். தீண்டாமைக்கு இப்ப ஒப்பந்தக்காரர் வந்துட்டார், தோழர்களே.

இதனால நகரம் ஒன்னும் தரலைன்னு அர்த்தமில்ல. ஞாயிற்றுக்கிழமை கோட்டூர்புரம் அண்ணா நூலகத்துல நாள் முழுக்க உட்கார்ந்திருப்பேன், யாரு என்னன்னு ஒருத்தரும் கேட்கமாட்டாங்க. அந்தச் சுகம் எங்க ஊர்ல எனக்கு ஒருநாளும் கிடைச்சதில்ல. அயோத்திதாசர் 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' நடத்தின ராயப்பேட்டைத் தெருக்கள்ல நடந்தேன். ரெட்டமலை சீனிவாசன் 1893இல் 'பறையன்' இதழைத் தொடங்கினதும் இதே நகரத்துலதான். நமக்கு இங்க பாத்தியதை உண்டு. விருந்தாளியா வரல.

எனவே ரெண்டு கோரிக்கை. வெளியூர்ல செய்ய வேண்டிய செமஸ்டருக்கு எல்லாருக்குமே விடுதித் தொகை கொடுக்கணும், அதுவும் செமஸ்டர் முடியறதுக்குள்ள. சென்னை, கோவை, மதுரை அரசு விடுதிகள்ல இப்படி வர்ற பிள்ளைகளுக்குன்னு கட்டில் ஒதுக்கணும். மனு எழுதி வச்சிருக்கோம், கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க.

அதுவரைக்கும் என்ன செய்றது? வர்ற ஜனவரிக்கு எங்க கல்லூரியிலிருந்து மட்டும் நம்ம பிள்ளைங்க ஆறு பேர் கிளம்புறாங்க. சின்னம்மா வீட்டுல ஒரு பாய் விரிக்கலாம், அதுக்கு மேல இடமில்ல. சென்னையில வீடு இருக்கிற தோழர்கள், எத்தனை பேரை வச்சுக்க முடியும் என்று பின்வரிசையில இருக்கிற நோட்டுல எழுதிக் கொடுங்க. பெண் பிள்ளைகள் நாலு பேர்.