வண்டி முழுவதும் இருண்டால்

 

இன்று ஒரு பழைய காரைப் பற்றிப் பேசப் போகிறேன். நம் மையத்துக்கு வருகிறவர்களில் சிலர் டாக்சி ஓட்டுகிறீர்கள். சிலர் ஆட்டோ ஓட்டுகிறீர்கள். மற்றவர்கள் அதில் ஏறிப் போகிறோம். ஆகவே இது எல்லோருக்கும் வேண்டிய விஷயம்.

என் மாமாவிடம் ஒரு பழைய அம்பாசடர் கார் உண்டு. பெட்ரோலில் ஓடுவது. அம்பாசடரை அறியாதவர் நம்மில் யார்? கல்கத்தாவுக்குப் பக்கத்தில் உத்தர்பாரா என்ற ஊரில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் கம்பெனி அதைச் செய்தது. 1950-களின் கடைசியில் தொடங்கியது. 2014-ல் நிறுத்திவிட்டது. இருக்கிற வண்டிகளைப் பேணித்தான் ஓட்ட வேண்டும்.

நான் பத்தாம் வகுப்பு படித்த வருடம். ஒரு நாள் ராத்திரி என் அக்காவுக்குப் பிரசவ வலி வந்தது. மாமா காரை எடுத்தார். அம்மாவும் நானும் கூட ஏறினோம். காஞ்சிரங்குளத்திலிருந்து நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டோம்.

வழியில் அக்கா தண்ணீர் கேட்டாள். ஒரு கடை முன்னால் மாமா வண்டியை நிறுத்தினார். தண்ணீர் வாங்கிக் கொடுத்தேன். மாமா சாவியைத் திருப்பினார். 'டக்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான்! விளக்கு அணைந்தது. ஹாரன் அடிக்கவில்லை. வண்டி முழுவதும் இருட்டு.

கடையில் இருந்தவர்கள் ஓடி வந்தார்கள். வண்டியைத் தள்ளினோம். இரண்டு முறை தள்ளியும் பயனில்லை. எப்படிக் கிளம்பும்? மின்சாரம் இல்லாமல் பெட்ரோல் எஞ்சினில் தீப்பொறி வராதே!

மாமா பானட்டைத் திறந்தார். ஒருவர் தீக்குச்சி கிழித்து உள்ளே காட்டப் போனார். மாமா அவர் கையைப் பிடித்துவிட்டார்.

"பேட்டரிப் பக்கம் தீ கொண்டு வராதீங்க! மக்களே, நீ டார்ச் அடி" என்றார்.

மாமா ஏன் தடுத்தார்? பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் என்ற வாயு வரும். ஒரு பொறி பட்டால் போதும். பேட்டரி வெடிக்கும். உள்ளே இருக்கும் அமிலம் முகத்தில் தெறிக்கும். கண் போய்விடும்.

டார்ச் வெளிச்சத்தில் பார்த்தேன். பேட்டரியின் ஒரு முனையில் வெள்ளைப் பொடி பூத்திருந்தது. மாமா அந்தக் கிளாம்பைத் தொட்டார். அது கையோடு சுற்றியது! அதைக் கழற்றினார். பேனாக்கத்தியால் சுரண்டினார். திரும்ப மாட்டி, ஸ்பேனரால் முறுக்கினார். சாவியைத் திருப்பினார். விளக்கு பளிச்சென்று எரிந்தது. எஞ்சின் கிளம்பியது.

ஐந்து நிமிட வேலை. ஆனால் காரணம் தெரியாமல் அரை மணி நேரம் போய்விட்டது. அக்கா வலியால் துடித்த அந்த அரை மணி நேரத்தை நான் மறக்கவில்லை.

நண்பர்களே, வீட்டில் ஒரு பல்பு எரியாவிட்டால் பல்பைப் பார்ப்போம். வீடு முழுவதும் இருண்டால்? மெயின் சுவிட்சைப் பார்ப்போம். வண்டிக்கும் அதே கணக்குத்தான். ஹாரன் மட்டும் போனால் ஹாரனையும் அதன் ஃபியூஸையும் பாருங்கள். எல்லாம் ஒன்றாகப் போனால் முதலில் பேட்டரியைப் பாருங்கள்.

வண்டியை ஓரமாக நிறுத்துங்கள். சாவியை அணையுங்கள். ஹேண்ட் பிரேக் போடுங்கள். கையில் மோதிரம், வளையல், வாட்ச் இருந்தால் கழற்றி வையுங்கள். பிறகு பேட்டரியின் இரண்டு முனைகளையும் அசைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் ஆறவிடுங்கள். அசைகிறதா? பொடி பூத்திருக்கிறதா? கோளாறு பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

சில சமயம் சின்ன விளக்கு எரியும். ஸ்டார்ட் செய்தால் எல்லாம் அணையும். ஏன்? சின்ன விளக்குக்குக் கொஞ்சம் மின்சாரம் போதும். ஸ்டார்ட்டருக்கு மிக அதிகம் வேண்டும். அடைபட்ட குழாயில் தண்ணீர் சொட்டும், கொட்டாது. அரித்த முனையும் அப்படித்தான்.

அடுத்து, பேட்டரியிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் வயரைப் பாருங்கள். எஞ்சினுக்கும் பாடிக்கும் நடுவிலும் ஒரு எர்த் வயர் உண்டு. அதன் நட்டு துருப்பிடித்தாலும் இதே தொல்லைதான். நமக்குக் கடல் பக்கம். உப்புக் காற்றில் துரு சீக்கிரம் ஏறும்.

இணைப்பு எல்லாம் சரி, ஆனாலும் வண்டி கிளம்பவில்லையா? மீட்டர் வைத்துப் பாருங்கள். நல்ல பேட்டரி எஞ்சின் ஓடாதபோது சுமார் 12.6 வோல்ட் காட்டும். 12-க்குக் கீழே போனால் சார்ஜ் இல்லை. எஞ்சின் ஓடும்போது சுமார் 14 காட்ட வேண்டும். ஏறவில்லை என்றால் சார்ஜ் ஆகவில்லை. பெல்ட்டையும் டைனமோவையும் மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

வயர் கருகிய வாடை வந்தால்? பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள். மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். ஃபியூஸ் போனால் அதே எண் உள்ள ஃபியூஸையே போடுங்கள். கம்பியைச் சுற்றி வைக்காதீர்கள். வண்டியே தீப்பிடிக்கும்.

பேட்டரியைக் கழற்றும்போது பாடியோடு சேர்ந்த எர்த் வயரை முதலில் கழற்றுங்கள். மாட்டும்போது அதைக் கடைசியில் மாட்டுங்கள். மாற்றிச் செய்தால் ஸ்பேனர் பாடியில் பட்டுப் பொறி பறக்கும்.

மாதம் ஒரு முறை முனைகளைச் சுத்தம் செய்யுங்கள். ஆப்பசோடாவை வெந்நீரில் கரைத்துக் கழுவலாம். பேட்டரி மூடிகள் இறுக்கமாக இருக்கட்டும். சோடாத் தண்ணீர் உள்ளே போகக் கூடாது. துடைத்து, முறுக்கி, மேலே வாசலைன் தடவுங்கள்.

பேட்டரியின் மேல் + என்றும் − என்றும் இருக்கும். ஃபியூஸின் மேல் எண் இருக்கும். இவற்றைப் படிக்க இப்போது நமக்குத் தெரியும். படித்துப் பார்த்து மாட்டுங்கள்.

அன்று அக்காவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் நலம். அவள் இப்போது மூன்றாம் வகுப்பில் படிக்கிறாள். என் மாமா பள்ளிக்கூடம் போகாதவர். நம் மையத்தில்தான் எழுதப் படித்தார். அவருடைய காரில் ஒரு நோட்டு இருக்கிறது. ஒவ்வொரு மாதமும் தேதி போட்டு அவர் கையால் எழுதுகிறார்: 'பேட்டரி பார்த்தேன்.'

நீங்களும் அப்படி ஒரு நோட்டு வையுங்கள்.