வரியோடிய மரமும் தொலைக்காட்சிப் பேழையும்

(ஊரகத் தச்சுத் தொழிலாளர் பயிற்சி முகாமில் நிகழ்த்திய உரை)



தச்சுத் தொழிலின் எதிர்காலத்தைப் பற்றிப் பேசுமாறு எங்களைப் பணித்தார்கள். எதிர்காலம் உரைக்கும் ஆற்றல் எங்களுக்கு இல்லை. பட்டறையில் செய்து முடித்த ஒரு பொருளைப் பற்றிச் சொல்ல மட்டும் தெரியும். அப்பொருள் ஒரு தொலைக்காட்சிப் பேழை. அது விறகாகப் போயிருக்க வேண்டிய மரத்தால் ஆனது.

2018 ஆம் ஆண்டு நவம்பர் 16 ஆம் நாள் கஜா புயல் நாகப்பட்டினத்திற்கும் வேதாரணியத்திற்கும் இடையே கரை கடந்ததை இப்பகுதியினர் எவரும் மறந்திருக்க மாட்டார்கள். தென்னை சாய்ந்ததைப் பற்றி நாடெங்கும் பேசினார்கள், அப்பேச்சு நியாயமே. ஆனால் அன்று தென்னையோடு சாய்ந்த பூவரசும் வாகையும் தூங்குமூஞ்சியும் எங்கே போயின? பெரும்பகுதி விறகுக் கடைக்கும் செங்கற் சூளைக்கும் போயிற்று. எடை போட்டு விற்றார்கள். எடை போட்டு வாங்கினார்கள். அவ்வாறு சென்ற வண்டி ஒன்றை எங்கள் பட்டறை வாயிலில் நிறுத்தி, தூங்குமூஞ்சி அடிமரம் ஒன்றை விறகு விலைக்கே வாங்கினோம். அண்டை வீட்டார் சிரித்தார்கள். அந்த மரத்திற்கு ஊரில் அவ்வளவுதான் மதிப்பு. அமெரிக்க வெப்ப மண்டலத்திலிருந்து நிழலுக்காக வந்து சாலையோரத்தில் நின்ற மரம். அதனிடம் நிழலுக்கு மேல் எவரும் எதையும் எதிர்பார்த்ததில்லை.

வாங்கியதற்குக் காரணம் உண்டு. அந்த அடிமரம் மேலே இரு பெருங்கிளைகளாகக் கவைத்திருந்தது. கவை உள்ள இடத்தில் மரத்தின் இழைகள் நேராகச் செல்ல இடமின்றி ஒன்றையொன்று நெருக்கித் திரும்புகின்றன. இரு கிளைகளின் நடுமையமும் ஒரே வாளோட்டத்தில் அகப்படுமாறு நெடுக்காக அறுத்தால் மயிலிறகை விரித்தாற்போன்ற ரேகை தோன்றும். வாள் சிறிது விலகினும் அது கிட்டாது. எனவே மர அறுப்பு ஆலையில் மரத்தை ஏற்றிவிட்டுத் தேநீர் அருந்தப் போகலாகாது. கரிக்கோடு இட்டுக் கொடுத்து, அருகில் நின்று அறுப்பிக்க வேண்டும். கவைக்குக் கீழுள்ள பகுதியிலும் அழகு இருந்தது. இம்மரத்தின் இழைகள் சில காலம் வலப்புறமும் சில காலம் இடப்புறமும் சாய்ந்து வளர்வன. ஆரப் போக்கில் அறுத்த பலகையில் அவை மங்கலும் பளபளப்புமான பட்டைகளாகத் தெரிகின்றன. பார்ப்பவர் இடம் மாறினால் மங்கல் பளபளப்பாகவும், பளபளப்பு மங்கலாகவும் மாறும்.

இங்கே ஓர் எச்சரிக்கை கூற வேண்டும். கண்ணைக் கவரும் இந்த ரேகையே தச்சனுக்குப் பகை. இழை நேராக ஓடும் பலகை ஒரு சீராகச் சுருங்கும், ஒரு சீராக விரியும். இழை திரும்பிய பலகை எங்கே இழுக்கும், எங்கே முறுக்கும் என்று சொல்ல இயலாது. இதை நாங்கள் நூலில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, நட்டப்பட்டுத் தெரிந்துகொண்டோம்.

புயலுக்கு ஆறு ஆண்டுகளுக்கு முன்பு வாகைக் கவையில் ஒரு பேழை செய்தோம். மேற்பலகை ஒன்றரை அடி அகலம். அது வளையாதிருக்க அடியில் இரு குறுக்குச் சட்டங்களைப் பசையிட்டுத் திருகாணியால் இறுக்கினோம். மிக உறுதியாகச் செய்துவிட்டோம் என்ற செருக்கும் இருந்தது. மார்கழி மாதத்தில் கொண்டுபோய் வைத்தோம், வீட்டார் மகிழ்ந்தார்கள். சித்திரையில் ஒரு நாள் நள்ளிரவில் வெடி வெடித்தாற்போல் ஓசை கேட்டதாம். காலையில் பார்த்தால் மேற்பலகை இந்த முனையிலிருந்து அந்த முனை வரை பிளந்திருந்தது. அந்த அம்மையார் எங்களைக் கடிந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. “மரம் உயிரோடிருக்கிறது போலும்” என்று மட்டும் சொன்னார்கள். கடிந்திருந்தால் மனம் ஆறியிருக்கும். வேறு பலகை போட்டுக் கொடுத்தோம், கூலி வாங்கவில்லை. பிளந்த பலகை இன்றும் எங்கள் பட்டறைச் சுவரில் தொங்குகிறது.

நடந்தது இதுதான். மரம் நீளவாக்கில் ஏறக்குறைய அசைவதே இல்லை; அகலவாக்கில் அசைகிறது. மழைக் காலத்தில் காற்றின் ஈரத்தை ஏற்று விரிகிறது, கோடையில் அதை விட்டுச் சுருங்குகிறது. ஒன்றரை அடி அகலப் பலகை ஒன்று இவ்வாறு ஓராண்டில் அரைக்கால் அங்குலம் அசைவது வியப்பன்று. அசையும் பலகையின் குறுக்கே அசையாத சட்டத்தை ஒட்டினால் ஏதேனும் ஒன்று முறிந்தே தீரும். சட்டம் முறியவில்லை, பலகை பிளந்தது.

ஆகவே தூங்குமூஞ்சிப் பலகைகளிடம் நாங்கள் பணிவாக நடந்துகொண்டோம். இரண்டங்குலக் கனத்தில் அறுத்த உடனே, வெட்டுமுனைகள் முந்திக் காய்ந்து வெடிக்காதிருக்க மெழுகு பூசினோம். வெயில் படாத, காற்றோடும் கொட்டகையில், ஒரே கனமுள்ள குச்சிகளை இடையிட்டு அடுக்கி, மேலே கல் ஏற்றினோம். அங்குலத்திற்கு ஓராண்டு என்பது முன்னோர் கணக்கு. இரண்டு ஆண்டுகள் காத்தோம். அதற்கிடையில் அவற்றை விலைக்குக் கேட்டவர் பலர். பணமுடை மிகுந்த ஒரு மாதத்தில் விற்றுவிடலாமா என்று எண்ணியதும் உண்டு. காத்திருக்கும் மரத்திற்கு வங்கி வட்டி தராது. ஊரகத் தச்சர்கள் கூட்டுறவாகச் சேர்ந்து பொதுக் கொட்டகை ஒன்று அமைத்தால் இச்சுமை தனி ஒருவர் தலையில் விழாது என்பது எங்கள் கருத்து. ஊராட்சிப் பெரியோர்கள் இதைக் கருதிப் பார்க்க வேண்டுகிறோம்.

வெளிறை, அதாவது வைரத்தைச் சூழ்ந்த வெளிர் மஞ்சட் பகுதியை, முழுவதும் கழித்தோம். பழுப்பு வைரத்திற்கு அருகே மஞ்சள் விளிம்பு அழகாகவே இருக்கும். அதற்காக விட்டுவைப்போரும் உளர். ஆனால் வண்டு முதலில் நுழைவது அங்கேதான். நாங்கள் விடுவதில்லை.

இனிப் பேழை. நான்கு பக்கமும் நேரிழையுள்ள சட்டங்கள். கழுந்தும் துளையுமாகப் பொருத்திப் பசையிட்டவை. வலிமை முழுவதும் அவற்றிலேயே இருக்கிறது. ரேகைப் பலகையைச் சட்டத்தின் காடியில் பசையின்றி, கூடுதல் இடம் விட்டு, மிதக்கவிட்டோம். அது விரியட்டும், சுருங்கட்டும், சட்டம் கவலைப்படாது. ஒன்றை மறவாதீர்கள்: பலகையைக் காடியில் இறக்கும் முன்பே மெருகிட வேண்டும். பின்னர் மெருகிட்டால், கோடையில் பலகை சுருங்கும்போது மெருகேறாத வெளுத்த கோடு ஓரத்தில் எட்டிப் பார்க்கும். மேற்பலகையைப் பழையபடி இறுக்கவில்லை. திருகாணி நகர்வதற்கு நீள்துளை விட்டு அடியிலிருந்து பிடித்தோம். கதவுகள் இரண்டிற்கும் அடுத்தடுத்து அறுத்த இரு பலகைகளை எடுத்து, ஏட்டைத் திறந்தாற்போல் விரித்து வைத்தோம். ஒரு கதவின் ரேகை மற்றதன் நிழலாயிற்று.

இழைப்பதில்தான் பொறுமை சோதனைக்கு உள்ளாயிற்று. இழை திரும்பும் இடத்தில் இழைப்புளி மரத்தைப் பிய்த்தெடுக்கும். தகட்டை நன்றாகத் தீட்டி, மிக மெல்லிய சீவலாக எடுத்தோம். அதற்கும் அடங்காத இடங்களைச் சுரண்டு தகட்டால் சுரண்டினோம். எங்கள் பாட்டனார் உடைந்த கண்ணாடிச் சில்லையே இதற்குப் பயன்படுத்துவார். பிறகு உப்புத்தாள், அதன்பின் அரக்கு மெருகு. உட்புறத்திற்கும் அதே மெருகு. ஒருபுறம் மட்டும் பூசினால் ஈரம் ஒருபுறமே ஏறிப் பலகை வளையும்.

தொலைக்காட்சி நம் நாட்டில் 1959 இல் தில்லியிலும் 1975 இல் சென்னையிலும் தொடங்கியது. சென்னையில் உருவான சாலிடேர், டயனோரா பெட்டிகளை உங்களில் மூத்தவர்கள் நினைவில் வைத்திருக்கலாம். அக்காலத்துப் பெட்டிகள் பல மரக்கூட்டில், பக்கவாட்டில் ஒதுங்கும் கதவுகளுடன் வந்தன. படக்குழாய் போய்த் தட்டைத் திரை வந்ததும் மரக்கூடும் போயிற்று. அதன் இடத்தில் கடைகள் தருவது மரத்தூளை அழுத்திச் செய்த பலகை; அதன்மேல் மரம் போல் அச்சிட்ட தாள். நாம் தரையை நீர்விட்டுக் கழுவுகிறோம். அந்தப் பலகை ஓரத்தில் நீரைக் குடித்து ஊதிவிடுகிறது. எங்கள் பேழைக்கு நான்கங்குலக் கால் வைத்தோம்.

உயரத்தைப் பற்றியும் ஒரு சொல். கடைப் பேழைகள் நாற்காலியில் அமர்வோருக்கானவை. நம் வீடுகளில் பலர் தரையில் பாய் விரித்து அமர்ந்தே காண்கிறார்கள். தரையில் அமர்ந்தவரின் கண் ஏறத்தாழ இரண்டரை அடி உயரத்தில் இருக்கும். திரையின் நடுப்பகுதி அதற்கு நேரே வர வேண்டுமாயின் 43 அங்குலத் திரைக்குப் பேழையின் மேற்பலகை ஒன்றரை அடி உயரத்தில் இருந்தால் போதும். அந்த வீட்டில் பாட்டியார் அமரும் இடத்தில் நாங்களே அமர்ந்து அளந்தோம். பேழை செய்ய வரும் தச்சன் மட்டுமே செய்யக்கூடிய வேலை இது. பின்புறத்தை முழுதும் அடைக்காமல் வெப்பம் வெளியேறவும் கம்பிகள் செல்லவும் வழி விட்டோம்.

ஈட்டி மரத்தில் செய்து தருவீர்களா என்று கேட்போர் உண்டு. அதைக் காக்கவே 1994 இல் இம்மாநிலத்தில் தனிச் சட்டம் இயற்ற நேர்ந்தது. அவ்வளவு அருகிவிட்ட மரம் அது. காட்டை நோக்கி நாம் போக வேண்டியதில்லை. புறம்போக்கிலும் சாலையோரத்திலும் சாயும் மரம் முறைப்படி ஏலத்திற்கு வரும்போது, விறகு வணிகருக்கு முன்னால் நாம் போய் நிற்கலாம்.

அந்தப் பேழை ஐந்து கோடைகளைக் கண்டுவிட்டது. ஒவ்வொரு சித்திரையிலும் போய்ப் பார்க்கிறோம். கதவு ஒன்று மட்டும் சிறிது முறுக்கியிருந்தது. கீலை மாற்றிச் சரிசெய்தோம்.

முகாமின் கொட்டகையில் ஒரு வாகைக் கவை கிடத்தப்பட்டிருக்கிறது. உணவுக்குப் பின் அதை ஆலைக்கு எடுத்துச் செல்கிறோம். வாகைத் தூள் தும்மலைக் கிளப்பும். மூக்கைக் கட்டிக்கொள்ள ஒரு துண்டோடு வாருங்கள். கரிக்கோட்டை உங்களில் ஒருவர்தாம் இட வேண்டும்.