கையெழுத்துப் போட மறுக்கும் உரிமை

(திருப்பூரில் லைசென்ஸ் பெற்ற கட்டிட எஞ்சினீயர்களின் மாதக் கூட்டத்தில், பனியன் தொழிலாளர்கள் சார்பில் நிகழ்த்திய சொற்பொழிவு)



எஞ்சினீயர்கள் கூட்டத்தில் பனியன் தொழிலாளிக்கு என்ன வேலை என்று உங்களில் சிலர் நினைக்கலாம். நியாயமான கேள்விதான். நீங்கள் பிளான் போடுகிறீர்கள். அந்தப் பிளானுக்குள் நாங்கள் ஒன்றரை ஷிப்ட் நிற்கிறோம். நீங்கள் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போகிறீர்கள். அந்தக் கையெழுத்தின் மேல் நாங்கள் மிஷின் ஓட்டுகிறோம். இதைவிட நெருங்கிய உறவு வேறென்ன வேண்டும்?

தொழில் அறிவை வளர்ப்பது, சமூகத் தொண்டு செய்வது என்ற இரண்டு காரியங்களைப் பற்றிப் பேசச் சொன்னீர்கள். சிமெண்டுக் கம்பெனிக்காரரும் கம்பிக் கம்பெனிக்காரரும் மாதந்தோறும் வந்து புதுச் சரக்கைப் பற்றி விளக்குகிறார்கள். செப்டம்பர் 15ந் தேதி விஸ்வேஸ்வரய்யா பிறந்த நாளில் இரத்த தானம் செய்கிறீர்கள், மரக்கன்று நடுகிறீர்கள். இவற்றை நாங்கள் கேலி செய்ய வரவில்லை. உங்கள் இரத்தம் எங்கள் ஆட்களுக்கும் ஏறியிருக்கும். ஆனால் இரத்தம் சிந்தாமல் இருக்க நீங்கள் என்ன செய்ய முடியும் என்பதையும் பேசினால் நல்லது.

திருப்பூர் எப்படி வளர்ந்தது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. முதலில் ஒரு வீடு. முன் அறையில் இரண்டு ஓவர்லாக், ஒரு பேட்லாக். ஆர்டர் வந்ததும் சுவரை இடித்து நீள அறை. பிறகு மேலே ஒரு மாடி, அதற்கு மேலே தகர ஷெட். ஒரு நாள் காலையில் பார்த்தால் வாசலில் போர்டு: இன்ன எக்ஸ்போர்ட்ஸ். அஸ்திவாரம் மட்டும் பழைய வீட்டு அஸ்திவாரம்!

கணக்கு உங்கள் தொழில். ஆனாலும் இந்தக் கணக்கை எங்கள் வாயால் கேளுங்கள். வீட்டுத் தளத்துக்கு இந்தியத் தரநிர்ணயம் வைத்திருக்கும் பாரம் சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ. யந்திரம் ஓடும் தொழிற்கூடம் என்றால், இலேசான யந்திரமானாலும் 500 கிலோ. இப்போது துணி ரோலை எடுத்துக்கொள்வோம். ஒரு ரோல் 20 கிலோ என்று வையுங்கள். ஒரு மீட்டர் அகலத்தில் நான்கு ரோல், அதன் மேல் நான்கு, இப்படி நான்கு அடுக்கு. மொத்தம் 16 ரோல், 320 கிலோ. இடுப்பு உயரத்துக்குத்தான் வந்திருக்கிறது. ஷிப்மெண்ட் சமயத்தில் நாங்கள் தலைக்கு மேல் அடுக்குகிறோம். அந்தத் தளம் எதற்காகப் போடப்பட்டது என்று அடுக்கும் பையனுக்குத் தெரியுமா? சூப்பர்வைசருக்குத் தெரியுமா? யாருக்கும் தெரியாது. தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான். நீங்கள் அந்தப் பக்கம் திரும்பி வந்து எத்தனை வருஷமாயிற்று?

வங்கதேசத்தில் ராணா பிளாசா என்ற எட்டு மாடிக் கட்டிடம் 2013 ஏப்ரல் 24ந் தேதி இடிந்தது. 1,134 பேர் மாண்டார்கள். பெரும்பாலும் பெண்கள், நம் ஊரில் தைக்கும் அதே உடுப்பை அதே நாட்டுக் கடைகளுக்குத் தைத்தவர்கள். இந்த எண்ணிக்கை எல்லோருக்கும் தெரியும். அதற்கு முந்தின நாள் நடந்ததைத்தான் எஞ்சினீயர்கள் கூட்டத்தில் சொல்ல வேண்டும். 23ந் தேதியே தூண்களில் விரிசல் கண்டது. ஒரு எஞ்சினீயரை அழைத்து வந்தார்கள். அவர் பார்த்துவிட்டு, ஆபத்து, காலி செய்யுங்கள் என்றார். சரியாகத்தான் சொன்னார். கீழே இருந்த பாங்க் தன் சிப்பந்திகளை அனுப்பிவிட்டது. மேலே இருந்த தையல் கம்பெனிகள் மறுநாள் காலை தொழிலாளிகளை உள்ளே வரச் சொன்னார்கள். வராவிட்டால் சம்பளம் இல்லை என்று மிரட்டினார்கள். கரண்ட் போயிற்று. மாடியில் இருந்த ஜெனரேட்டர்கள் ஓடின. கட்டிடம் இறங்கிவிட்டது.

அந்த எஞ்சினீயர் என்ன ஆனார்? அவரும் கைதானார். அனுமதியில்லாமல் எழும்பிய மாடிகளுக்கு முன்பு அவரே துணை போனார் என்பது போலீசின் குற்றச்சாட்டு. கோர்ட்டு விவகாரத்துக்குள் நாங்கள் போகவில்லை. ஒன்றை மட்டும் பாருங்கள். படிப்பு இருந்தது, கண் இருந்தது, வாயும் திறந்தது. அவர் சொல்லைக் கேட்டே தீர வேண்டும் என்ற கட்டாயம் மட்டும் யாருக்கும் இல்லை. தனி மனிதனுடைய சொல்லாக அது நின்றது. முதலாளி அதைத் துடைத்துப் போட்டுவிட்டார்.

இதே கதை 1907லேயே கனடாவில் நடந்தது. கியூபெக் பாலம் கட்டிக்கொண்டிருந்தபோதே சரிந்து 75 தொழிலாளிகள் இறந்தார்கள். இரும்புத் தகடு வளைகிறது என்பதை அங்கே வேலை செய்தவர்கள் முன்கூட்டியே கண்டார்கள். செய்தி நியூயார்க்கில் இருந்த பெரிய எஞ்சினீயருக்குப் போய்ச் சேருவதற்கும் பாலம் விழுவதற்கும் சரியாக இருந்தது. (பிற்பாடு கனடா எஞ்சினீயர்கள் பட்டம் வாங்கும் போது உறுதிமொழி எடுத்து, சுண்டுவிரலில் இரும்பு மோதிரம் அணியும் வழக்கம் 1925ல் வந்தது. நல்ல வழக்கந்தான். ஆனால் மோதிரம் போட்ட விரலும் கம்பெனிச் சம்பளம் வாங்கும் விரல்தானே!)

அவ்வளவு தூரம் போவானேன்? கும்பகோணத்தில் 2004 ஜூலை 16ந் தேதி பள்ளிக்கூடத்தில் 94 குழந்தைகள் கருகினார்கள். தஞ்சாவூர் நீதிமன்றம் 2014ல் தண்டித்த பத்துப் பேரில் ஒரு எஞ்சினீயரும் உண்டு. மேல்முறையீட்டில் 2017ல் உயர்நீதிமன்றம் அந்தத் தண்டனைகளை மாற்றியமைத்தது. அது வேறு விஷயம். அதே 2014ல் ஜூன் 28ந் தேதி சென்னைக்கருகே மவுலிவாக்கத்தில் பதினோரு மாடி சரிந்து 61 பேர் இறந்தார்கள். செத்தவர்கள் கட்டிக்கொண்டிருந்த தொழிலாளிகள். ஆந்திராவிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் கூலிக்கு வந்தவர்கள்.

நீங்கள் கெட்டவர்கள் என்று சொல்ல வரவில்லை. உங்கள் கஷ்டம் எங்களுக்குத் தெரியும். ஒரு கம்பெனிக்காரர் வருகிறார். "மேலே இன்னொரு மாடி, இரண்டாவது படிக்கட்டு வேண்டாம், அந்த இடத்தில் நாலு மிஷின் போடலாம்" என்கிறார். முடியாது என்கிறீர்கள். அவர் கோபப்படுவதில்லை, சிரித்துக்கொண்டே எழுந்து அடுத்த தெருவுக்குப் போகிறார். அங்கே ஒருவர் போட்டுக் கொடுக்கிறார். உங்களுக்கு அந்த வேலையும் போயிற்று, அவருடைய மைத்துனர் வீட்டு வேலையும் போயிற்று. இப்படி மூன்று தடவை நடந்தால் நாலாவது தடவை கை தானாகப் பேனாவை எடுக்கும். இது உங்கள் குணத்தில் உள்ள கோளாறா? ஒற்றையாக நிற்பதில் உள்ள கோளாறு!

எங்களுக்கும் ஒரு காலத்தில் இதே கதிதான். கூலி போதாது என்று ஒருவன் சொன்னால் மறுநாள் அவன் இடத்தில் வேறொருவன். 1984ல் பஞ்சப்படிக்காக இந்த ஊரில் 127 நாள் வேலைநிறுத்தம் நடந்தது. அன்று ஒருவன் மறுத்த வேலையை இன்னொருவன் எடுக்கவில்லை. அதுதான் அதன் பலம். நீங்கள் படித்தவர்கள், நாங்கள் மிஷின் ஓட்டுகிறவர்கள்; ஆனால் இந்தப் பாடத்தில் நாங்கள் உங்களுக்குச் சீனியர்.

ஆகவே நாங்கள் கேட்பது இது. பாதுகாப்புக் காரணம் சொல்லி உங்களில் ஒருவர் மறுத்த கட்டிடத்துக்கு, அந்தக் குறை தீராமல் மற்றவர் கையெழுத்துப் போடுவதில்லை என்று உங்கள் சங்கத்தில் தீர்மானம் போடுங்கள். மறுத்தவர் தம் காரணத்தை ஒரு நோட்டில் எழுதி வைக்கட்டும்; அடுத்தவர் பேனாவைத் திறக்குமுன் அந்த நோட்டைப் பார்க்கட்டும். வக்கீல்களுக்கு 1961ல் சட்டம் வந்தது, ஆர்க்கிடெக்டுகளுக்கு 1972ல் வந்தது. எஞ்சினீயர்களுக்கு நாடு முழுவதற்குமான அப்படியொரு சட்டம் இன்னும் இல்லை. சட்டம் வரும்வரை சங்கந்தான் சட்டம்.

சர்க்காரோ பொறுப்பை மேலும் மேலும் உங்கள் பக்கம் தள்ளுகிறது. 2019ம் வருஷத்துக் கட்டிட விதிகள் பதிவு பெற்ற எஞ்சினீயரின் கடமைகளை வரிசையாக எழுதிவைத்தன. 2024 ஜூலையில் சிறிய வீடுகளுக்குச் சுயசான்று முறையும் வந்தது. 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட அதிகாரி வந்து பார்க்க வேண்டியதில்லை. வீடு கட்டுகிற ஏழைக்கு அலைச்சல் குறைந்தது, சரி. அந்த வீடு பத்து வருஷத்தில் பனியன் கம்பெனி ஆகாது என்று திருப்பூரில் யார் உத்தரவாதம் தருவார்?

இன்னொன்று. 1948ம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம் மின்சாரத்தோடு 10 பேர் வேலை செய்தால் அது தொழிற்சாலை என்றது. நாடாளுமன்றம் 2020ல் நிறைவேற்றிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு அதை 20 பேர் ஆக்கிவிட்டது. ஜாப் ஒர்க் எடுக்கும் சிறு கம்பெனிகளில் எத்தனை இந்தக் கோட்டுக்குக் கீழே நழுவும் என்று நீங்களே யோசியுங்கள். அங்கே இன்ஸ்பெக்டர் வரமாட்டார். நீங்கள் வரலாம்.

வந்தால் என்ன செய்வது? ராணா பிளாசாவுக்குப் பிறகு வங்கதேசத்தில் தொழிற்சங்கங்களும் வெளிநாட்டுத் துணிக் கம்பெனிகளும் 2013 மே மாதம் ஒப்பந்தம் செய்தார்கள். எஞ்சினீயர்கள் ஆயிரத்து அறுநூறுக்கும் மேற்பட்ட கம்பெனிகளைச் சோதித்தார்கள். ரிப்போர்ட்டை அலமாரியில் பூட்டாமல் பகிரங்கமாக வெளியிட்டார்கள். எந்தத் தளத்தில் எங்கே எவ்வளவு பாரம் வைக்கலாம் என்று திட்டம் வகுத்து வைக்கச் சொன்னார்கள். ஆபத்தான கட்டிடத்துக்குள் நுழைய மறுக்கும் உரிமை தொழிலாளிக்கு ஒப்பந்தத்திலேயே இருந்தது. இதில் எதற்காவது ராக்கெட் விஞ்ஞானம் வேண்டுமா? சுண்ணாம்பும் தூரிகையும் போதும். ஒவ்வொரு தளத்தின் சுவரிலும் "இங்கே இவ்வளவு கிலோ" என்று எழுதுங்கள். தமிழில் மட்டும் எழுதினால் பாதிப் பேருக்குத்தான் புரியும். இந்தியிலும் ஒடியாவிலும் எழுதுங்கள். எழுதிக் கொடுக்க எங்களிடம் ஆள் இருக்கிறார்கள்.

எங்களுக்கு ஒரு பாடம் நடத்துங்கள். பூச்சில் வரும் விரிசல் எது, தூணிலும் பீமிலும் சாய்வாக ஓடும் விரிசல் எது, எதற்குப் பயப்பட வேண்டும், எதற்கு வேண்டாம். விரிசலை முதலில் பார்க்கிறவர் ஓவர்லாக் அடிக்கும் அக்காதான். அவருக்குத் தெரிந்துவிட்டால் ஆயிரம் இன்ஸ்பெக்டர் வந்ததற்குச் சமம்.

சாயப்பட்டறைப் பக்கமும் வாருங்கள். 2011ல் உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகு, கழிவு நீரை வெளியே விடாத முறை வந்தது. நொய்யலுக்காக நல்லதுதான். ஆனால் தொட்டிகள் இருக்கின்றன. 2025 மே மாதம் பல்லடம் பக்கத்தில் கரைப்புதூரில் ஒரு பட்டறையின் கழிவுத் தொட்டியில் மூன்று தொழிலாளர்கள் விஷவாயுவுக்குப் பலியானார்கள். இப்படிச் சாகிறவனுக்கு 30 லட்சம் ரூபாய் தரவேண்டும் என்று சுப்ரீம் கோர்ட் 2023ல் சொல்லியிருக்கிறது. மனிதன் இறங்காமலே சுத்தம் செய்யும்படி ஒரு தொட்டியை வரைய உங்களால் முடியாதா? மூடி எங்கே, குழாய் எங்கே, காற்றுப் போக்கி எங்கே என்பதெல்லாம் உங்கள் பென்சிலில் இருக்கிறது. அடுத்த மாதம் சிமெண்டுக்காரருக்குப் பதிலாக இதைப் பேச ஒருவரை அழையுங்கள். கேட்க நாங்களும் வருகிறோம்.

மறுக்கிற எஞ்சினீயருக்கு வேலை போனால் நாங்கள் என்ன செய்வோம் என்று ஒரு நண்பர் முன்பே கேட்டார். எங்கள் சங்கங்களுக்கும் கட்டிடம் உண்டு, எங்கள் ஆட்களும் சீட்டுப் பிடித்து வீடு கட்டுகிறார்கள். அந்த வேலைகளை அவருக்குத் தருவோம். அதற்கு மேல், அவர் மறுத்த கட்டிடத்துக்குள் எங்கள் ஆள் நுழையமாட்டான். இது எங்கள் பங்கு.

முதல் வேலையாக ஞாயிற்றுக்கிழமைகளில் லைன் வீடுகளையும் ஹாஸ்டல்களையும் பார்க்கலாம் என்று நினைக்கிறோம். கம்பெனிக் கேட்டைப் போல அங்கே யாரும் தடுக்கமாட்டார்கள். காலை ஏழு மணிக்குக் கிளம்பினால் வெயிலுக்கு முன் ஒரு தெரு முடிந்துவிடும். டார்ச் லைட்டும் அளவு டேப்பும் நீங்கள் கொண்டு வாருங்கள். ஏணியும் டீயும் எங்களுடையது. வர ஒப்புகிறவர்கள் இன்று போகும்போது வாசலில் உள்ள நோட்டில் பெயர் எழுதிவிட்டுப் போங்கள்.