வாணிகச் சங்கமும் அதன் ஆட்சிக் குழுவும்

(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

   

இயலும் இசையும் மணக்கும் இம்மேடையில், வாணிகச் சங்கங்களின் ஆட்சிமுறை பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறார்கள். சுவை குறைந்த பொருள்தான். ஆயினும், இம்மும்பை மாநகரில் தொழில் நடத்தும் நம்மவருள் பலர் ஏதேனும் ஒரு வணிகர் சங்கத்துக்குச் சந்தா செலுத்தி வருகின்றனர். ஆண்டுக்கு ஒருமுறை கைதூக்கி ஓர் ஆட்சிக் குழுவையும் தேர்ந்தெடுக்கின்றனர். அக்குழுவின் கடமை யாது என்று எண்ணிப் பார்ப்போர் மிகச் சிலரே.

அக்கடமை இருவகைத்து. இன்றைய உறுப்பினரின் நலனைக் காப்பது ஒன்று; தொழில் எத்திசையில் செல்லப்போகிறது என்பதை முன்னறிந்து வழி வகுப்பது மற்றொன்று. ஆனால் குழுவில் அமர்வோரும் அதே தொழிலினர். தம் சங்கத்தினரோடு நாள்தோறும் போட்டியிடுவோர். சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. இதனை விளக்க நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. நம் நகரத்துத் தலால் தெருவே போதும்.

அமெரிக்க உள்நாட்டுப் போர் 1861இல் மூண்டது. அந்நாட்டுப் பருத்தி இங்கிலாந்துக்குச் செல்வது தடைப்படவே, பம்பாய் வழியே சென்ற பருத்திக்குப் பெருவிலை கிடைத்தது. வந்த பணம் பங்குகளில் வெள்ளமெனப் பாய்ந்தது. 1865இல் போர் முடிந்ததும் விலைகள் சரிந்தன. செல்வர் பலர் ஓட்டாண்டிகளாயினர். அதற்கு முன்பே டவுன் ஹாலின் எதிரே ஆலமரத்தடியில் கூடித் தொழில் செய்து வந்த தரகர்கள், 1875ஆம் ஆண்டில் சுதேசிப் பங்குத் தரகர் சங்கத்தை நிறுவினர். நுழைவுக் கட்டணம் ஒரு ரூபாய். தரகர்களின் தகுதியையும் நலனையும் பேணுவது நோக்கம். இச்சங்கமே பின்னர்ப் பம்பாய்ப் பங்குச் சந்தை எனப் பெயர் பெற்றது. 1957இல் அரசின் அங்கீகாரமும் எய்தியது.

ஒன்றைக் கவனிக்க வேண்டுகிறேன். தரகரின் நலன் பேண எழுந்த சங்கத்தில் தரகரே ஆண்டதில் வியப்பில்லை, குறையும் இல்லை. ஆனால் காலப்போக்கில் நாட்டு மக்களின் சேமிப்பு அச்சந்தைக்கு வந்து சேர்ந்தது. சங்கம் பொது நிறுவனமாக வளர்ந்துவிட்டது. ஆட்சி மட்டும் பங்காளிகள் கூடிப் பேசும் முறையிலேயே நின்றுவிட்டது.

இதன் முதல் விளைவு பார்வைக் குறைவு. 1990களின் தொடக்கத்திலும் அங்கே வாணிகம் கூடத்தில் நின்று, கைச்சாடை காட்டி, உரத்த குரலில் கூவியே நடந்து வந்தது. 1992இன் பெரும் மோசடிக்குப் பின்னரும் அம்முறை மாறவில்லை. கூடத்தில் நிற்கும் உரிமையே தம் பெருஞ்செல்வமாக இருக்கையில், அக்கூடத்தைக் கலைக்க எவர் முன்வருவார்? இதற்கிடையே நிதி நிறுவனங்கள் சேர்ந்து தேசியப் பங்குச் சந்தையை அமைத்தன. 1994 நவம்பரில் அது பங்கு வாணிகத்தைக் கணினித் திரையில் தொடங்கியது. செயற்கைக்கோள் தொடர்பினால், கோயம்புத்தூரில் இருக்கும் தரகரும் தம் இருக்கையிலிருந்தே மும்பைத் தரகரோடு சமமாக வாங்கவும் விற்கவும் இயன்றது. பழைய சந்தை விழித்தெழுந்து 1995 மார்ச்சில் தானும் திரைக்கு மாறியது. மாறியும் பயன் பெரிதில்லை. புதிய சந்தை ஓராண்டுக்குள் வாணிக அளவில் அதனை விஞ்சிவிட்டது. நூற்றிருபது ஆண்டு முதன்மை ஓராண்டில் போயிற்று! அறிவாளிகள் அக்குழுவில் இல்லாமற் போகவில்லை. அன்றாட வருவாயே அவர்கள் கண்ணை மறைத்தது என்பது என் கருத்து.

இரண்டாவது விளைவு இன்னும் கடியது. எவர் எவ்வளவு வாங்கினார், எவர் இக்கட்டில் இருக்கிறார் என்ற செய்தியெல்லாம் சந்தையின் கண்காணிப்புப் பிரிவுக்குத் தெரியும். 2001 மார்ச்சில் விலைகள் வீழ்ந்தபோது, தரகரான சந்தைத் தலைவர் அப்பிரிவிடம் மறைபொருட் செய்தி கேட்டார் என்று புகார் எழுந்தது. அவர் பதவி விலகினார். குழுவிலிருந்த தரகர்களைச் செபி நீக்கியது. அவர் அச்செய்தியால் பயன் பெற்றாரா என்பது வேறு வழக்கு. அத்தகைய ஐயம் எழக்கூடிய இருக்கையில் ஒருவரை அமர்த்தியதே அமைப்பின் பிழை என்பேன்.

பின்னர் 2004இல் சட்டம் திருத்தப்பட்டது. உடைமை, ஆட்சி, தொழில் உரிமை என்னும் மூன்றும் வெவ்வேறாகப் பிரிக்கப்பட்டன. பங்குடைமையில் நூற்றுக்கு ஐம்பத்தொன்றேனும் தரகரல்லாதாரிடம் இருக்க வேண்டும் என்று விதிக்கப்பட்டது. பழைய சங்கம் 2005இல் கம்பெனியாயிற்று. 2012இன் விதிகள் தரகர் எவரும் ஆட்சிக் குழுவில் அமரலாகாது என்றன. 2017இல் அதன் பங்குகளே சந்தைக்கு வந்தன. தன் பங்கைத் தன்னிடமே விற்க விதி இடங்கொடாமையால், போட்டிச் சந்தையில்தான் அவை விலைபோகின்றன. காலத்தின் விளையாட்டு!

நிற்க. தொழிலினரை விலக்கிவிட்டால் எல்லாம் செம்மையாகும் என்று எண்ணுவாருக்கு அப்போட்டிச் சந்தையே விடை கூறும். அங்கே முதலிலிருந்தே தரகர் ஆட்சி இல்லை. எனினும் அதன் முன்னாள் நிர்வாகத் தலைவர் நிறுவனத்தின் மறைபொருட் செய்திகளை அடையாளம் தெரியாத ஒருவருக்கு மின்னஞ்சலில் தெரிவித்து வந்ததாகச் செபி 2022இல் பிறப்பித்த ஆணை கூறிற்று. குழுவினர் செய்தி அறிந்தும் செபிக்குத் தெரிவிக்கவில்லை என்றும் அவ்வாணை குறை கண்டது. புறத்தார் அமர்ந்தால் மட்டும் போதாது. அமர்ந்தவர் வாய் திறக்கவும் வேண்டும். பேசியது நடவடிக்கைக் குறிப்பில் ஏறவும் வேண்டும்.

நம் சிறு சங்கங்களுக்கு இத்தனை சட்டம் தேவையில்லை. பிரச்சினைக்குரிய பொருளில் தம் நலன் கலந்திருக்கும் உறுப்பினர் அவ்வேளை எழுந்து வெளியே செல்வதற்குச் சட்டம் எதற்கு? தொழிலுக்கு வெளியேயிருந்து கணக்கறிந்த ஒருவரையோ இருவரையோ குழுவில் சேர்க்கலாம். ஆண்டில் ஒரு நாளேனும் அன்றாட அலுவல்களை ஒதுக்கிவிட்டு, பத்தாண்டு கழிந்து நம் தொழில் எவ்வாறிருக்கும் என்பதை மட்டும் குழு கூடிப் பேசலாம். அந்நாளில் இளையவர்களை முதலில் பேசவிட வேண்டும். பழைய கூடத்தில் அவர்களுக்கு இடம் இல்லையாதலின், அதனைக் கலைக்க அவர்கள் அஞ்சமாட்டார்கள்.

பொதுக்குழுவில் நடப்பதை நீங்கள் அறிவீர்கள். கணக்கு வாசித்து முடிந்ததும், "ஐயம் ஏதேனும் உண்டா?" என்று செயலாளர் வினவுவார். அடுத்த அறையிலிருந்து சிற்றுண்டியின் மணம் வந்துகொண்டிருக்கும். எவரும் எழார். இவ்வாண்டு யாரேனும் ஒருவர் எழுந்து இரண்டு வினாக்கள் கேட்பாராக. காப்பி சற்று ஆறினாலும் பொறுத்துக்கொள்வோம்.