முந்நூறு ரூபாய்ப் பை



சோதனை எப்போதும் கெட்ட வேஷத்தில் வருவதில்லை, நன்றியாகவும் வரும். இங்கே நீடாமங்கலத்தில் சுகமாகி வீடு திரும்புகிறவர்கள் ஊழியர் கையில் ஒரு கவரைத் திணிப்பார்கள். அன்பாகத்தான்.

தஞ்சாவூரில் ஊழியம் செய்த சுவார்ட்ஸ் ஐயரை நினைத்துக்கொள்ளுங்கள். 1779இல் கம்பெனியாரின் தூதராக ஸ்ரீரங்கப்பட்டணம் போய் ஹைதர் அலியைக் கண்டார். திரும்பும்போது வழிச்செலவுக்கென்று 300 ரூபாய் கொடுத்தார்கள். மறுத்தால் நவாபுக்கு அவமரியாதை. வைத்துக்கொண்டால் கேட்பார் இல்லை. ஐயர் அதைச் சென்னை அரசாரிடம் அப்படியே ஒப்படைத்தார். அவர்களோ அவரையே வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். என்னைக் கேட்டால், இரண்டாம் முறை வந்ததுதான் கடினமான சோதனை. இப்போது அனுமதியும் சேர்ந்துவிட்டதே! அந்தப் பணத்தை முதலாக வைத்துத் தஞ்சாவூரில் ஒரு தர்மப் பள்ளிக்கூடத்துக்கு நிதி தொடங்கினார்.

பிறகு, 1780களின் யுத்தகாலப் பஞ்சம். கோட்டைக்குள் ஜனங்கள் பட்டினி. ராஜாவின் வாக்கை நம்பாத குடியானவர்கள், விலையைத் தருவேன் என்ற ஐயரின் சொல்லை நம்பி மாடுகளைத் தந்தார்கள். நெல் உள்ளே வந்தது. ஐயரும் சொன்னபடியே விலையைக் கொடுத்துத் தீர்த்தார்.

நம் வார்டுகளில் வரும் கவர் ஏழை நோயாளர் நிதிக்குப் போகிறது. ரசீது, கொடுத்தவர் பேருக்கே எழுதப்படுகிறது.