முழங்கால் தேய்ந்தால் முடங்க வேண்டியதில்லை

(எமது சங்கத்தின் முதியோர் ஒன்றுகூடலில் நான் பேசியதன் எழுத்து வடிவம். புத்தாண்டு மலருக்காகச் சிறிது சுருக்கப்பட்டுள்ளது.)



முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் டொக்டர் இல்லை. நியூ ஜேர்சியில் சாமான் பொதி செய்யும் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்பவன். ஊரில் உயர்தரத்தில் உயிரியல் படித்தேன், அதோடு படிப்பு நின்றுவிட்டது. ஆனால் நாலு வருசமாக என்னுடைய அம்மாவை முழங்கால் நோவுக்காக டொக்டர்மாரிடம் கூட்டிக்கொண்டு போய், அவை சொல்லுறதைத் தமிழில் சொல்லி, விளங்காததை வீட்டுக்கு வந்து தேடி வாசித்தவன். "அதை எங்கட சனத்துக்கும் சொல்லு தம்பி" எண்டு செயலாளர் அண்ணை கேட்டபடியால் இங்கே நிற்கிறேன்.

எங்கட அம்மாமாரிடம் "முழங்கால் எப்பிடி?" எண்டு கேட்டால் எல்லா வீட்டிலும் ஒரே மறுமொழிதான். "வயசு போனால் அப்பிடித்தான், பரவாயில்லை." அந்தப் "பரவாயில்லை"க்குப் பின்னால் படி ஏறப் பயந்து கோயிலுக்குப் போகாமல் விட்டது இருக்கிறது. இரவில் நித்திரை இல்லாமல் கிடந்தது இருக்கிறது. பிள்ளை லீவு போட்டால் சம்பளம் போய்விடும் என்று நோவை மறைத்தது இருக்கிறது. போரையும் இடப்பெயர்வையும் பொறுத்தவர்கள் இதையும் பொறுத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறார்கள். பொறுமை நல்லதுதான். ஆனால் பொறுத்துக்கொண்டு கதிரையில் இருப்பதே இந்த நோயைக் கூட்டுகிறது. நான் சொல்ல வந்த முக்கியமான விசயம் அதுதான்.

இந்த நோய்க்கு ஒஸ்ரியோஆத்ரைற்றிஸ் என்று பெயர். நாங்கள் மூட்டுத் தேய்வு எண்டுறம். எலும்பின் நுனியில் வழுவழுப்பான குருத்தெலும்பு இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் கசியிழையம் எண்டு படிச்சது இதைத்தான். அது தேய்ந்து, எலும்பு தடித்து, மூட்டு வீங்குகிறது. தொழிற்சாலையில் ஒரு மெசினின் பெயரிங் தேய்ந்தால் மெசினை உடனே நிற்பாட்டுவோம். முழங்காலை அப்படி நினைக்கக் கூடாது. குருத்தெலும்புக்குள் இரத்தக் குழாய் இல்லை. மூட்டுக்குள் இருக்கும் திரவத்தில் இருந்துதான் அதற்குச் சாப்பாடு. நாங்கள் நடக்கும்போது அது பஞ்சு போல அமர்ந்து விரிந்து அந்தத் திரவத்தை உறிஞ்சுகிறது. நடக்காமல் இருந்தால் அந்தச் சாப்பாடு குறையும். தொடைத் தசையும் மெலிந்து, உடம்புப் பாரம் முழுவதும் மூட்டில் விழும்.

சிகிச்சைகளை ஒரு ஏணியாக நினைத்துக்கொள்ளுங்கோ. கீழ்ப்படியில் இருந்து ஏற வேண்டும்.

முதற்படி எங்கட கையில் இருக்கிறது. அமெரிக்க வாதநோய் மருத்துவர் சங்கமும் ஆத்ரைற்றிஸ் பவுண்டேசனும் சேர்ந்து தந்த 2019ஆம் ஆண்டு வழிகாட்டியில் மிக உறுதியாகச் சொல்லப்பட்டவற்றில் முன்னுக்கு நிற்பது உடற்பயிற்சி, கூடிய நிறையைக் குறைத்தல், ஊன்றுகோல் ஆகியவை. கதிரையில் இருந்து காலை நேராக நீட்டி ஐந்து எண்ணும் மட்டும் பிடியுங்கோ. ஒவ்வொரு காலுக்கும் பத்துத் தரம். பிறகு கை ஊன்றாமல் கதிரையால் எழும்பி இருக்கப் பழகுங்கோ. சமதரையில் நடவுங்கோ. செய்யும்போது கொஞ்சம் நொந்தால் பயமில்லை. அடுத்த நாளும் நோ கூடி நின்றால் அளவைக் குறையுங்கோ. முடிந்தால் ஒரு பிசியோதெரபிஸ்ற்றிடம் ஒருமுறை காட்டிப் பழகுவது நல்லது.

நிறையைப் பற்றி 2005இல் வந்த ஆய்வு ஒன்று சொன்னது: உடம்பில் 1 இறாத்தல் குறைந்தால், ஒவ்வொரு அடியிலும் முழங்காலில் விழும் பாரம் 4 இறாத்தல் குறைகிறது. பத்து இறாத்தல் குறைத்தால் நாற்பது! மத்தியானச் சோற்றில் ஒரு அகப்பையைக் குறைப்பதும் ஒரு வைத்தியம்தான்.

பொல்லுப் பிடித்தால் "கிழவி" எண்டு சொல்லுவினம் என்று அம்மா வெட்கப்பட்டா. வெட்கத்தை விடுங்கோ. ஆனால் பிடிக்கும் கை முக்கியம். இடது கால் நொந்தால் வலது கையில் பிடிக்க வேண்டும்.

இரண்டாவது படி பூசும் மருந்து. ஊரில் வோல்ரறன் குளிசை போட்டவர்கள் இங்கே பலர் இருப்பீர்கள். அதே டைக்குளோபினாக் மருந்து ஜெல்லாக வருகிறது. 2020இல் இருந்து அமெரிக்காவில் மருந்துச் சீட்டு இல்லாமலே வாங்கலாம். இரத்தத்தில் சேருவது குளிசையை விட மிகக் குறைவு. பெட்டிக்குள் இருக்கும் அளவு அட்டையில் அளந்து பூச வேண்டும். எங்கட தைலம் தேய்த்துச் சுடுதண்ணி ஒத்தடம் பிடிப்பதும் சுகம் தரும், செய்யுங்கோ. ஆனால் உள்ளுக்குச் சாப்பிடும் பஸ்பம், சூரணங்களில் கவனம். பொஸ்ரன் பகுதிக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்து 2004இல் வெளிவந்த ஆய்வில், 14இல் ஈயம், பாதரசம் அல்லது ஆசனிக் இருந்தது.

மூன்றாவது படி குளிசை. ஊரில் இருந்து வந்த பனடோலும் இங்கத்தைய ரைலனோலும் ஒண்டுதான். இரண்டு பெயர் என்று இரண்டையும் போட்டால் ஈரல் பழுதாகும். ஐபுபுரொபன், அலீவ் போன்றவை நோவுக்கு நல்லாய்க் கேட்கும். ஆனால் நாள்தோறும் போட்டால் வயிற்றில் புண் வரலாம், இரத்த அழுத்தம் கூடலாம், சிறுநீரகமும் இருதயமும் பாதிக்கப்படலாம். எங்கட ஆட்களுக்குச் சீனி வருத்தமும் பிறசரும் கூட. ஆகவே டொக்டரைக் கேட்காமல் மாதக்கணக்காகப் போட வேண்டாம். எங்கட நியூ ஜேர்சியைச் சேர்ந்த மேர்க் கம்பனி, வையொக்ஸ் என்ற பேர்போன மூட்டு நோக் குளிசையை 2004இல் சந்தையில் இருந்து முழுவதாக எடுத்தது. மாரடைப்பும் பாரிசவாதமும் கூடுகிறது என்று தெரிந்ததுதான் காரணம். கடையில் விற்கிறதாலை மட்டும் பயமில்லை எண்டு நினைக்கக் கூடாது.

நாலாவது படி ஊசி. ஸ்ரீரொயிட் ஊசி சில கிழமைகளுக்கு நோவைக் குறைக்கும். ஒரு கலியாணம், ஒரு பயணம் வருகுதெண்டால் உதவும். சீனி வருத்தக்காரருக்குச் சில நாட்கள் சீனி ஏறும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை இரண்டு வருடம் போட்டவர்களுக்கு, வெறும் உப்புத்தண்ணி ஊசி போட்டவர்களை விட நோ குறையவில்லை, குருத்தெலும்பு கூடத் தேய்ந்தது என்று 2017இல் ஓர் ஆய்வு காட்டியது.

இனிக் காசு போகும் இடங்களைச் சொல்ல வேண்டும். ஒரு கிளினிக்கில் அம்மாவுக்கு "ஸ்ரெம் செல்" ஊசி போட்டால் குருத்தெலும்பு திரும்ப வளரும் என்று சொல்லி 6,000 டொலர் கேட்டார்கள். நான் முன்பு சொன்ன 2019 வழிகாட்டி அந்த ஊசி வேண்டாம் என்றே உறுதியாகச் சொல்கிறது. குளுக்கோசமீன் குளிசையும் அப்படித்தான். 1,583 பேரை வைத்துச் செய்து 2006இல் வெளிவந்த ஆய்வில், மொத்தமாகப் பார்த்தால் அது மருந்தில்லாக் குளிசையை விடப் பெரிதாக உதவவில்லை. முழங்காலுக்குள் கமெரா விட்டுக் கழுவித் துப்புரவாக்கும் சிகிச்சையை டெக்சஸ் ஹூஸ்டனில் 180 பேரிடம் சோதித்தார்கள். சிலருக்குத் தோலை மட்டும் கீறித் தைத்துவிட்டார்கள். 2002இல் வந்த முடிவு: கழுவினவர்களுக்கும் கீறினவர்களுக்கும் நோவில் வித்தியாசம் இல்லை!

கடைசிப்படி முழங்கால் மாற்றுச் சத்திரசிகிச்சை. "காலை வெட்டி இரும்பு வைக்கிறது" எண்டு பயப்பிடுகினம். வெட்டுவது காலை அல்ல, தேய்ந்த மேற்பரப்பை மட்டும்தான். அதற்கு மேல் உலோகமும், நடுவில் ஒருவகைப் பிளாஸ்ரிக்கும் பொருத்துகிறார்கள். இன்று செய்யப்படும் முறைக்கு அடித்தளமான செயற்கை முழங்கால் 1974இல் ஆற்றுக்கு அங்காலை நியூயோர்க்கின் ஹொஸ்பிற்றல் போர் ஸ்பெஷல் சேர்ஜரியில், ஜோன் இன்சால் என்ற வைத்தியரும் அவரோடு சேர்ந்தவர்களும் பொருத்தியது. முழுதாக மாற்றிய முழங்கால்களில் 100இல் 82 அளவில் 25 வருடம் தாக்குப்பிடிக்கும் என்று 2019இல் லான்செற் இதழ் கணக்கிட்டது.

நல்லதை மட்டும் சொல்லக் கூடாது. கிருமி தொற்றலாம், இரத்தம் கட்டியாகலாம். ஐந்தில் ஒருவர் அளவில் முழுத் திருப்தி இல்லை என்கிறார்கள். பிறகு முழங்காலில் நிற்பதும், நிலத்தில் சம்மணம் கொட்டி இருப்பதும் கஷ்டம். சீனியைக் கட்டுப்படுத்தி, பல்லைக் காட்டிச் சரிசெய்துவிட்டுத்தான் போக வேண்டும். அம்மாவுக்குக் கீழ்ப்படிகள் எல்லாம் ஏறியும் இரவு நோ நிற்கவில்லை. போன வருசம் இடது முழங்காலை மாற்றினோம். அடுத்த நாளே எழுப்பி நடக்கவிட்டார்கள். முதல் ஆறு கிழமை கண்ணீர்தான். இப்ப தானே கடைக்குப் போய் மரக்கறி வாங்கி வாறா. வலது முழங்காலுக்குப் பயிற்சியும் ஜெல்லும் போதுமாக இருக்கிறது.

"இதுக்கெல்லாம் காசுக்கு எங்கை போறது?" எண்டு கேட்பீர்கள். நியாயமான கேள்வி. காப்புறுதி இல்லாதவர்களும் போதாதவர்களும் நியூ ஜேர்சி ஆஸ்பத்திரிகளில் "சரிற்றி கெயார்" விண்ணப்பம் கேளுங்கோ. வருமானமும் சேமிப்பும் பார்த்து ஆஸ்பத்திரிப் பில் முழுவதையோ ஒரு பகுதியையோ தள்ளுவார்கள். டொக்டரின் தனிப் பில் அதற்குள் வராமல் போகலாம், ஆகவே முதலே கேளுங்கோ. நிரந்தர வதிவிட உரிமையோடு இந்த நாட்டில் தொடர்ந்து 5 வருடம் இருந்த 65 வயதானவர்கள், வேலை செய்த கணக்கு இல்லாவிட்டாலும் மாதக் கட்டணம் கட்டி மெடிகெயாரில் சேரலாம். மொழி விளங்காவிட்டால் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கோ. அரசாங்கப் பணம் பெறும் ஆஸ்பத்திரி இலவசமாக ஒழுங்கு செய்ய வேண்டும். ரெலிபோனிலாவது வருவார்கள். பள்ளிக்கூடப் பிள்ளையை மறித்து வைத்து மொழிபெயர்க்க விடாதேயுங்கோ.

வேலை செய்யும் தம்பி தங்கைமாருக்கு ஒரு சொல். நியூ ஜேர்சியில் 2018இல் வந்த சட்டப்படி, 30 மணித்தியால வேலைக்கு 1 மணித்தியாலமாக, வருடத்தில் 40 மணித்தியாலம் மட்டும் சம்பளத்தோடு சுகவீன லீவு சேரும். பெற்றோரை டொக்டரிடம் கூட்டிப் போகவும் அதை எடுக்கலாம். ஒப்பரேசன் போன்ற பெரிய விசயத்துக்குக் "குடும்ப லீவுக் காப்புறுதி" இருக்கிறது. தகுதியுள்ளவர்களுக்குச் சம்பளத்தில் ஒரு பெரும் பங்கோடு 12 கிழமை மட்டும் கிடைக்கும். ஒவ்வொரு சம்பளத்திலும் அதற்காக எங்களிடம் கழிக்கிறார்கள். அது எங்கட காசு. கலிபோர்னியாவிலும் இப்படி ஒன்று உண்டு. டெக்சஸ் உறவுகள் தங்கள் வேலைத்தலத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டு வையுங்கோ.

சீமெந்துத் தரையில் பத்து மணித்தியாலம் நிற்கிற எங்களுக்கும் முழங்கால் இருக்கிறது. நல்ல சப்பாத்துப் போடுங்கோ, நிற்கும் இடத்துக்கு றப்பர் விரிப்புக் கேளுங்கோ, விழுந்தால் அடிபட்டால் மறைக்காமல் அன்றைக்கே மேற்பார்வையாளரிடம் சொல்லிப் பதியுங்கோ.

அம்மாமாரே, ஐயாமாரே, இந்தச் சித்திரைக்குப் பிள்ளைகள் கைவிசேசம் வாங்க வருவார்கள். அப்போது ஒன்றை மட்டும் வாய்விட்டுச் சொல்லுங்கோ: "பிள்ளை, எனக்கு முழங்கால் நோகுது, டொக்டரிட்டைக் கூட்டிக்கொண்டு போ." அது பாரம் இல்லை. எங்களைத் தூக்கிக்கொண்டு ஓடின கால்களுக்கு நாங்கள் செய்ய வேண்டிய கடமை அது.